டிரேட்மார்க் ஆட்சேபனை: 9 நாள்தான் இருக்கிறது

மதுரையில் நான் வரையும் கோலங்களை டி-ஷர்ட்டில் அச்சிட்டு 2019 முதல் விற்கிறேன். ஓவியங்களுக்குப் பதிப்புரிமை வரைந்ததுமே வந்துவிடும், சரி. பிராண்ட் பெயருக்குத்தான் சிக்கல்.

நானே ஆன்லைனில் 25ஆம் வகுப்பில் (ஆடைகளுக்கானது) 4,500 ரூபாய் கட்டி டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்தேன். டிரேட்மார்க் சட்டப் பிரிவு 9-இன் கீழ் ஆட்சேபனை வந்திருக்கிறது: பெயர் ஊரையும் பொருளையும் மட்டுமே சொல்கிறதாம். 30 நாளில் பதில் தர வேண்டும், 21 போய்விட்டது.

என் தப்பும் உண்டு. விண்ணப்பத்தில் பெயரை 'இனிமேல் பயன்படுத்தப்போவது' என்று அவசரத்தில் டிக் செய்துவிட்டேன். 2019 பில்கள், கண்காட்சி ஸ்டால் ரசீதுகள், இன்ஸ்டாகிராம் பதிவுகள் எல்லாம் திரட்டிவிட்டேன். விசாரித்த ஏஜென்ட் ஒருவர் பெயரையே மாற்றச் சொல்கிறார். ஆறு வருஷப் பெயரை எப்படி விடுவது?

டிஎம்-எம் (விண்ணப்பத்தைத் திருத்தும்) படிவத்தில் பயன்பாட்டுத் தேதியை 2019 என்று திருத்தி, பிரமாணப் பத்திரத்தோடு பதில் கொடுத்து யாருக்காவது ஏற்கப்பட்டிருக்கிறதா?