பள்ளி தாமதமாகத் தொடங்கினால் மார்க் கூடுமா?

கணக்குவாத்தியார்: "பள்ளியைத் தள்ளித் திறந்தால் மார்க் தானாக ஏறும்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்தோரு வருடம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவன் நான். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து படித்த பையன் ஒருத்தன்கூட என்னிடம் ஃபெயிலானதில்லை.

சியாட்டில்செந்தில்: எழுதியது நான்தான் சார். "தானாக" நீங்கள் சேர்த்தது. இங்கே சியாட்டிலில் 2016-ல் உயர்நிலைப் பள்ளிகளை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றினார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் இரண்டு பள்ளிகளில் மாணவர்களின் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்தார்கள். தூக்கம் 34 நிமிடம் கூடியது. மாற்றத்துக்குப் பிறகு அதே உயிரியல் வகுப்புக்கு வந்தவர்களின் மதிப்பெண் 4.5 சதவீதம் அதிகம்.

கணக்குவாத்தியார்: 7.50-க்கும் 8.45-க்கும் இடையில் 55 நிமிடம். தூங்கியது 34. மிச்சம் 21 நிமிடம் எங்கே போச்சு? போனில் போயிருக்கும்.

சியாட்டில்செந்தில்: படுக்கும் நேரம் பெரிதாகத் தள்ளிப்போகவில்லை சார். அதையும் அளந்திருக்கிறார்கள்.

கணக்குவாத்தியார்: அப்படியென்றால் 55-ம் தூக்கத்தில்தானே சேரணும்? கழித்தல் கணக்கு மூன்றாம் வகுப்புப் பாடம் தம்பி.

சியாட்டில்செந்தில்: எழுந்ததும் நிதானமாகச் சாப்பிட்டுக் கிளம்பியிருப்பார்கள்.

கணக்குவாத்தியார்: முன்பு மட்டும் சாப்பிடாமலா போனார்கள்? 21 நிமிடத்துக்குப் பதில் வரவில்லை.

அம்பத்தூர்அகிலா: என் பையன் ஒன்பதாவது. வேன் 6.35-க்கு வந்துவிடும். சுவரில் சாய்ந்து தூங்குகிறவனுக்கு நான் ஷூ லேஸ் கட்டிவிடுகிறேன். வாயில் வைத்த இட்லி அப்படியே இருக்கும். மகாராஷ்டிராவில் 2024-லேயே நாலாம் வகுப்பு வரை ஒன்பது மணிக்கு முன்னால் வகுப்பு கூடாது என்று உத்தரவு போட்டார்கள்.

கணக்குவாத்தியார்: அது நாலாவது வரைதானே அம்மா. உங்கள் பையன் ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறான்?

அம்பத்தூர்அகிலா: டியூஷன் முடிந்து வரவே ஒன்பதரை. டியூஷன் கட்டாயம் வேணும் என்று போன மாதம் இங்கே சண்டை போட்டது நீங்கள்தான். காலை ஐந்தரை மணி டியூஷன் பேட்ச் நடத்துகிறவரும் நீங்கள்தான். பள்ளி நேரம் மாறினால் யாருக்கு நஷ்டம்?

கணக்குவாத்தியார்: என் பேட்சை இழுக்காதீர்கள். ஃபீஸ் கட்ட முடியாத எத்தனை பிள்ளைகளுக்குச் சும்மா சொல்லிக்கொடுத்திருக்கிறேன் தெரியுமா?

யாழ்மாறன்: எங்கட நாட்டில் பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும். நாங்கள் படிக்கேல்லையா?

அம்பத்தூர்அகிலா: ஒன்றரைக்கு விட்டால் என் பையனும் மதியம் ஒரு தூக்கம் போடுவான் அண்ணா.

யாழ்மாறன்: மதியம் படுக்க எங்களுக்கு எங்க நேரம்? நாங்களும் டியூஷனுக்குத்தான் ஓடினது.

வேன்முருகன்: காலையில் ஒரே வண்டியில் இரண்டு பள்ளிக்கு ட்ரிப் அடிக்கிறோம். எல்லாப் பள்ளியும் ஒன்பது மணி என்றால் இன்னொரு வண்டி வாங்கணும். டியூ யார் கட்டுவது?

அம்பத்தூர்அகிலா: உங்கள் டியூவுக்காக என் பிள்ளை விழிக்கணுமா?

சியாட்டில்செந்தில்: விஷயத்துக்கு வாருங்கள். பதின்வயதில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் ராத்திரி தாமதமாகத்தான் சுரக்கும். பத்து மணிக்குப் படுக்கச் சொன்னாலும் தூக்கம் வராது. கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளி 8.30-க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்ற சட்டம் 2022-ல் நடைமுறைக்கே வந்துவிட்டது.

கணக்குவாத்தியார்: சட்டத்தை நான் கேட்கவில்லை. 55-ல் 34 போனால் 21. மூன்றாவது முறையாகக் கேட்கிறேன், அது எங்கே?

அம்பத்தூர்அகிலா: சார், உங்கள் ஐந்தரை மணி பேட்சுக்கு வருகிற பையன் எத்தனை மணி நேரம் தூங்குகிறான்? அதைக் கழித்துச் சொல்லுங்கள்.

கணக்குவாத்தியார்: முதலில் 21.