தெகிவளை வீட்டுத்தோட்டத்தில் ஆபிரிக்க நத்தையும் பப்பாசியில் வெள்ளைப் படிவும்: யாரிடம் உதவி கேட்கலாம்?

தெகிவளை வளவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தெகிவளையில் ஓர் ஒழுங்கையின் கடைசியில் எங்கள் வீடு இருக்கிறது. ஆறு பேர்ச் காணியில் வீடு போக எஞ்சிய பின்வளவில் வல்லாரை, பொன்னாங்காணி, கொச்சிச் செடிகள், இரண்டு பப்பாசி மரங்கள், மதிலோரமாகச் செவ்வரத்தை ஆகியவற்றை வளர்த்து வருகிறேன். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து இரவில் பெரிய நத்தைகள் மதிலேறி வந்து, ஒரே இரவில் ஒரு பாத்தி வல்லாரையைத் தண்டு மட்டும் மிஞ்சும்படி தின்றுவிடுகின்றன. பகலில் தேடினால் ஒன்றிரண்டுதான் அகப்படுகின்றன. பப்பாசியின் குருத்திலும் காய்களிலும் பஞ்சு போன்ற வெள்ளைப் படிவு ஒன்றும் பரவி வருகிறது.

நாற்று விற்கும் ஒருவர், லேபல் இல்லாத பொலித்தீன் பையில் நீல நிறக் குறுணி மருந்தைத் தந்து, அதைத் தூவினால் நத்தை முழுவதும் செத்துவிடும் என்றார். வீட்டில் சிறு பிள்ளைகளும் ஒரு நாயும் இருப்பதால் அதை இன்னும் திறக்கவில்லை. மருந்தில்லாமல் இவற்றைக் கட்டுப்படுத்த வழி உண்டா? விவசாயத் திணைக்களத்தின் உதவி வயல்காரர்களுக்கு மட்டும்தானா, அல்லது நகரத்தில் சிறு வளவு வைத்திருக்கும் எங்களைப் போன்றோரும் அவர்களை அணுகலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மட்டக்குளி மூத்தவர் எழுதியது:

தங்கச்சி, அந்தப் பையைத் திறக்காமல் வைத்தது மிகவும் நல்லது. நத்தைக் குறுணிகளில் பெரும்பாலும் மெட்டல்டிஹைட் என்ற இரசாயனம் இருக்கும். நத்தையை ஈர்ப்பதற்காகத் தவிடு போன்ற தீனியோடு கலந்திருப்பதால் நாய்களும் அதை விரும்பித் தின்னும். தின்ற நாய் சிறிது நேரத்திலேயே நடுக்கமும் வலிப்பும் கண்டு இறந்துபோகவும் கூடும். மேலும், 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், பதிவு செய்யப்படாத பூச்சிமருந்தை இந்நாட்டில் விற்க முடியாது. பதிவிலக்கமும் பாவனை முறையும் அச்சிட்ட லேபல் இல்லாத எந்த மருந்தையும் வீட்டுக்குள் எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இப்போது நத்தைக்கு வருவோம். நீங்கள் சொல்வது ஆபிரிக்க இராட்சத நத்தைதான். கிழக்கு ஆபிரிக்காவைச் சேர்ந்த இது 1900 ஆம் ஆண்டளவில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவியது. ஒவ்வொரு நத்தையிலும் ஆண், பெண் இரண்டு உறுப்புகளும் உண்டு. ஒருமுறை இணைசேர்ந்தால், உடலில் சேமித்த விந்தைக் கொண்டு பல மாதங்களுக்குப் பின்னரும் முட்டையிடும். ஒரு தடவையில் நூறு முதல் நானூறு முட்டைகள் வரை இடும்; அப்படி ஆண்டுக்குப் பல தடவைகள் இடும். ஆகவே மதில்மேல் தெரியும் பெரிய நத்தைகளை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தால் வேலை ஒருபோதும் முடியாது. முட்டை கிடக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டும்.

பூச்சாடிகளைத் தூக்கி அடியிலுள்ள ஈரமண்ணைக் கரண்டியால் மெல்லக் கிளறிப் பாருங்கள். கூட்டெருக் குவியலின் ஓரம், சுவரோரம் சாத்தி வைத்த பலகை, உடைந்த ஓட்டுக் குவியல், வாழையடி ஆகிய இடங்களில் மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே ஊறிய சவ்வரிசி போல மங்கலான மஞ்சள் நிற முட்டைகள் கொத்தாகக் கிடக்கும். அவற்றை வாரி ஒரு பழைய வாளியில் போட்டுக் கொதிநீர் ஊற்றிவிடுங்கள். ஒரு கொத்தை அழிப்பது நூற்றுக்கணக்கான நத்தைகளை அழிப்பதற்குச் சமம்.

வளர்ந்த நத்தைகளை மழை விட்ட மாலையில், இருட்டிய பின், டோர்ச் வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். பகலில் நனைத்த சாக்கைப் பாத்திகளுக்கு நடுவே விரித்து, அதன் கீழே பப்பாசி இலை, பப்பாசித் தோல், கோவா இலை போன்றவற்றைப் போட்டு வைத்தால், இரவில் தின்ன வந்தவை விடிந்தபின் அங்கேயே ஒளிந்திருக்கும். காலையில் சாக்கைப் புரட்டினால் ஒரே இடத்தில் எடுத்துவிடலாம். வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை இல்லையென்றால் தடித்த பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். பிடித்தவற்றை மூடியுள்ள வாளியில் செறிவான உப்புக் கரைசலில் போட்டால் இறந்துவிடும். அந்த உப்புநீரைப் பாத்தியில் ஊற்றக் கூடாது, ஊற்றினால் மண் கெட்டுவிடும். பாத்தியிலேயே நத்தைமேல் உப்பைத் தூவுவதும் அதே காரணத்தால் தவறு. இறந்தவற்றை ஆழக் குழி வெட்டிப் புதைத்து மண்ணை இறுக்கி மூடுங்கள்; கானில் எறிந்தால் நாற்றம் தாங்காது.

இன்னொன்று மிக முக்கியம். வெற்று ஓடுகளை வளவில் விட்டுவிடாதீர்கள். மல்லாந்து கிடக்கும் ஓட்டில் தேங்கும் மழைநீர் டெங்கு நுளம்பு முட்டையிடப் போதுமானது. கொழும்பில் சிரட்டையையும் யோகட் கோப்பையையும் தேடி அகற்றும் நாம் நத்தை ஓட்டைக் கவனிப்பதில்லை. காலால் மிதித்து நொறுக்கிப் புதைத்துவிடுங்கள்.

சாம்பலும் சுண்ணாம்புத் தூளும் காய்ந்திருக்கும்வரை தடுக்கும், ஒரு மழைக்கு மேல் நில்லா. முட்டைக்கோதை நொறுக்கிப் போடும்படி சிலர் சொல்வார்கள். ஓடு வளர்ப்பதற்காகச் சுண்ணாம்புச் சத்தைத் தேடி வெள்ளையடித்த சுவரையே சுரண்டும் பிராணிக்கு அது என்ன தடையாக இருக்கும்? சாடிகளுக்கு மட்டும் விளிம்பைச் சுற்றிச் செப்புப் பட்டி ஒட்டினால் ஓரளவு பயன் உண்டு.

ஆய்வுகூடம் எழுதியது:

அக்கா, மேலே ஐயா சொன்னவற்றோடு உடல்நலம் பற்றியும் சிறிது சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் பாத்தியில் இருப்பது வல்லாரை. நம் வீடுகளில் அதைப் பச்சையாக அரிந்து சம்பல் போட்டுச் சாப்பிடுவது வழக்கம்.

எலியின் நுரையீரல் நாளங்களில் வாழும் ஒரு புழு உண்டு. 1935 இல் சீனாவின் கன்ரன் நகர எலிகளில் முதலில் விவரிக்கப்பட்டதால் அதன் விஞ்ஞானப் பெயரிலும் அந்நகரின் பெயர் இருக்கிறது. எலியின் எச்சத்தோடு வெளியேறும் அதன் குடம்பிகளை நத்தையும் ஓடில்லா நத்தையும் உட்கொள்ள, அவற்றின் உடலில் அவை மனிதருக்குத் தொற்றக்கூடிய பருவத்தை அடைகின்றன. அத்தகைய நத்தையின் ஒரு சிறு துண்டு கீரையோடு சேர்ந்து அரிபட்டு வயிற்றுக்குள் போனால், புழு மூளையுறையைச் சென்றடைந்து அழற்சியை உண்டாக்கலாம். கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு ஆகியவை நாட்கள் அல்லது வாரங்கள் கழித்துத் தோன்றும். இப்படியானால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அங்கே வீட்டுத் தோட்டத்தில் நத்தை இருப்பதையும் பச்சைக்கீரை சாப்பிட்டதையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்காமலே அவர் அதை ஊகிக்க முடியாது.

இது அடிக்கடி வரும் நோயன்று, ஆகவே பயந்து கீரையை விட்டுவிடத் தேவையில்லை. ஒவ்வோர் இலையையும் தனித்தனியே, அடிப்பக்கத்தையும் திருப்பி, ஓடும் நீரில் கழுவுங்கள். பெரிய நத்தை கண்ணுக்குத் தெரியும். தண்டின் இடுக்கில் சுருண்டிருக்கும் அரிசியளவு குஞ்சுதான் தப்பிவிடும். உப்பும் வினாகிரியும் கலந்த நீரில் ஊறவைத்தால் நத்தை உதிரலாம், ஆனால் புழு இறந்துவிடும் என்று அதை நம்பக் கூடாது. நத்தைத் தொல்லை அடங்கும்வரை இந்தப் பாத்தியின் வல்லாரையை வறையாகவோ கஞ்சியாகவோ நன்றாக வேகவைத்தே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

நாட்டு நத்தை ஆர்வலர் எழுதியது:

எல்லா நத்தையையும் கொன்றுவிட வேண்டாம் என்பதே என் ஒரே வேண்டுகோள். இலங்கையின் நில நத்தைகளில் பெரும்பாலானவை வேறெந்த நாட்டிலும் இல்லாதவை. ஆபிரிக்க நத்தையின் ஓடு நீண்டு கூம்பி, பழுப்புக் கோடுகளோடு இருக்கும். மரத்தண்டில் ஒட்டியிருக்கும், தட்டையாக உருண்டு வாய் விளிம்பு இளஞ்சிவப்பாக அகன்ற பெரிய நத்தையைக் கண்டால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். அது நம் நாட்டுக்கே உரிய அக்காவஸ் இனமாக இருக்கலாம், அதனால் உங்கள் கீரைக்குக் கேடில்லை. செண்பகம் வளவுக்கு வந்தால் அதையும் துரத்தாதீர்கள். ஆபிரிக்க நத்தையைக் கொத்தித் தின்னும் பறவைகளில் அதுவும் ஒன்று.

பயிர்ச் சிகிச்சை எழுதியது:

சகோதரி, பப்பாசியின் வெள்ளைப் படிவைப் பற்றி எழுதுகிறேன். முதலில் இலையைத் தட்டிப் பாருங்கள். சிறு வெள்ளைப் பூச்சிகள் புகை போலப் பறந்தால் அது வெள்ளை ஈ. ஒன்றும் பறக்காமல் பஞ்சு அப்படியே இருந்தால் மாவுப்பூச்சி. குச்சியால் ஒன்றை நசுக்கும்போது மஞ்சள் நீர் வந்தால், அது பப்பாசி மாவுப்பூச்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காயத்துக்குப் பூசும் ஸ்பிரிட்டில் இரண்டொன்றைப் போட்டு வைத்தால் இந்த இனம் நீலங்கலந்த கறுப்பாக மாறும். உங்கள் செவ்வரத்தையையும் பாருங்கள், அதுவும் இப்பூச்சி விரும்பும் செடி. அரலியும் மரவள்ளியும் அப்படியே.

மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி, 2008 இல் இலங்கையில், அதுவும் மேல் மாகாணத்தில், கண்டறியப்பட்டது. மருந்தடித்தும் அடங்காத நிலையில், 2009 இல் புவேர்ட்டோ ரிக்கோவில் வளர்க்கப்பட்ட அசெரோபாகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியை வருவித்து விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட, குஞ்சு அதை உள்ளிருந்தே தின்று வெளிவரும். இன்று நம் தோட்டங்களில் பப்பாசி நிற்பதற்கு அந்தக் குளவி பெரிய காரணம். கண்ட மருந்தையும் அடித்தால் மெழுகுப் போர்வைக்குள் இருக்கும் பூச்சி தப்பும், குளவி சாகும்.

ஆகையால் மருந்தை நினைப்பதற்கு முன் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பஞ்சுக்குள் பாருங்கள். உப்பிப் பழுப்பேறி, வட்டத் துளையுள்ள கூடுகள் தென்பட்டால் குளவி ஏற்கெனவே வேலை தொடங்கிவிட்டது; அந்த இலைகளை மரத்திலேயே விட்டுவிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், மோசமாகப் பாதித்த இலைகளையும் காய்களையும் வெட்டிப் பையில் இறுகக் கட்டி அகற்றி, எஞ்சியவற்றைக் குழாய் நீரால் வேகமாக அடித்துக் கழுவுங்கள். பிறகு மென்மையான சவர்க்காரக் கரைசலை ஓர் இலையில் மட்டும் தெளித்து, மறுநாள் கருகவில்லை என்று கண்டபின் மற்றவற்றுக்கும் மாலை நேரத்தில் தெளிக்கலாம். மரத்தில் எறும்பு ஏறுவதைத் தடுப்பது பாதி வேலை, ஏனெனில் பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் அதன் எதிரிகளை விரட்டுகின்றன.

உதவி பற்றிக் கேட்டீர்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கத்தை யாரும் அழைக்கலாம், ஆறு பேர்ச் காணி என்று தயங்க வேண்டாம். அலுவலக நேரத்தில் அழைத்து, தமிழில் பேசக்கூடிய அலுவலர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். நேரில் காட்ட விரும்பினால், உங்கள் பகுதிக்குரிய விவசாயப் போதனாசிரியர் யார், எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார் என்பதைப் பிரதேச செயலகத்திலோ கிராம உத்தியோகத்தரிடமோ கேட்டறியலாம். போகும்போது பாதித்த இலையை இரட்டைப் பையில் காற்றுப் புகாமல் கட்டிக்கொண்டு போங்கள், திறந்து எடுத்துச் சென்றால் வழியெல்லாம் பூச்சி பரவும். முழு மரம், இலையின் அடிப்பக்கம், பூச்சியின் நெருங்கிய தோற்றம் என மூன்று விதமான படங்களும், எப்போது தொடங்கியது, இதுவரை என்ன தெளித்தீர்கள் என்ற விவரமும் இருந்தால் அவர் சொல்லும் ஆலோசனை உங்கள் மரத்துக்கே பொருந்துவதாக இருக்கும். அந்த லேபல் இல்லாத பையையும் அவரிடம் காட்டி, எப்படி அப்புறப்படுத்துவது என்று கேளுங்கள். கானிலோ மலசலகூடத்திலோ கொட்டிவிடாதீர்கள்.

தெகிவளை வளவு எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மட்டக்குளி ஐயா சொன்னபடி சாடிகளைத் தூக்கிப் பார்த்தேன். கறிவேப்பிலைச் சாடியின் அடியில் இரண்டு கொத்து முட்டைகள் இருந்தன. பப்பாசிப் பஞ்சுக்குள் துளையுள்ள கூடுகளும் தெரிகின்றன, அதனால் அந்த மரங்களை இப்போதைக்குத் தொடவில்லை. ஒரு கேள்வி மட்டும் மிச்சம். பின்மதிலுக்கு அப்பால் உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் வெறுங்காணி ஒன்று புதர் மண்டிக் கிடக்கிறது. நான் எத்தனை பிடித்தாலும் அங்கிருந்து வந்துகொண்டே இருக்குமே, என்ன செய்யலாம்?

மட்டக்குளி மூத்தவர் எழுதியது:

தங்கச்சி, நத்தைக்காக என்று முறையிட்டால் காலம் இழுபடும். அந்தக் காணியில் நீர் தேங்கும் பொருட்கள் கிடக்கும் என்பது நிச்சயம், ஆகவே டெங்கு அபாயம் என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் அறிவியுங்கள். ஒழுங்கையிலுள்ள நான்கைந்து வீட்டார் சேர்ந்து கையொப்பமிட்டால் இன்னும் நல்லது. காணியைத் துப்புரவாக்கும்படி உரிமையாளருக்கோ அவருடைய பொறுப்பாளருக்கோ அறிவித்தல் போகும். புதர் வெட்டும் நாளில் அயலவர்களும் வாளியோடு நிற்க வேண்டும், மறைவிடம் போனதும் நத்தைகள் எல்லா மதில்களையும் நோக்கித்தான் வரும்.

அதுவரை மதிலோரத்தில் ஒரு முழ அகலத்துக்குப் புல்லும் சருகும் பலகையும் சாடியும் இல்லாமல் வெறும் மண்ணாக வைத்து, ஈரச்சாக்கை அந்தப் பக்கமே விரியுங்கள். பாத்திகளுக்கு மாலையில் நீர் ஊற்றுவதை நிறுத்திக் காலையில் ஊற்றினால், இரவில் மண் காய்ந்திருக்கும். நத்தை ஊர்ந்து வருவதும் குறையும். இனி நாற்றோ மண்ணோ கூட்டெருவோ வாங்கினால், சாடியின் வடிதுளையையும் மண்ணையும் பார்த்த பிறகே வளவுக்குள் எடுங்கள்.