ஓடும்போதே நின்றுபோகும் பழைய கார்கள்: உங்கள் அனுபவம் என்ன?

சேலத்திலிருந்து, 2005 பெட்ரோல் கார், இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல்

தர்மபுரியிலிருந்து வரும் வழியில், தொப்பூர் கணவாயின் இறக்கத்தில்தான் முதன்முறை நடந்தது. நல்ல வெயில். திணறல் இல்லை, குலுக்கல் இல்லை. சுவிட்சைத் தட்டியது போல இன்ஜின் அணைந்தது. லாரிகள் நெருக்கியடிக்கும் அந்த இறக்கத்தில் ஸ்டீயரிங் கனத்துப்போனால் என்ன ஆகும் என்பதை அந்தப் பக்கத்துக்காரர்கள் அறிவார்கள். பிரேக்குக்கு உதவும் வேக்கம், அதாவது இன்ஜினின் உறிஞ்சுவிசை, ஓரிரு அழுத்தத்துக்குத்தான் மிஞ்சும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு அழுத்தாமல், ஒரே சீராக அழுத்தியபடி இடதுபுறம் ஒதுங்க வேண்டும். சாவியை முழுதாகத் திருப்பி எடுத்துவிடக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

ஒதுங்கிய பிறகு செல்ஃப் நன்றாகச் சுற்றியது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. சூடு தணிந்ததும் ஒரே அடியில் எடுத்துக்கொண்டது. ஒருவர் ஸ்பார்க் பிளக் என்றார், இன்னொருவர் டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பெட்ரோல் மோட்டார் என்றார். எனக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வண்டி கியரில் உருண்டுகொண்டிருந்தது. அப்படியென்றால் இன்ஜினும் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் பூஜ்யத்தில் கிடந்தது. இதைச் சொன்னவுடன் எங்கள் மெக்கானிக் நேராக கிராங்க் சென்சாரிடம் போனார். இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்தச் சென்சார்தான். அது பேசாவிட்டால் பெட்ரோலும் இல்லை, ஸ்பார்க்கும் இல்லை. பழைய சென்சாரின் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்துபோகும், ஆறினால் கூடிக்கொள்ளும். குளிர்ந்த நிலையில் மல்டிமீட்டரில் சரியான அளவு காட்டியது, சூடான பிறகு எதுவுமே காட்டவில்லை. அந்தக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் கோளாறுக் குறியீடு எதுவும் பதிவாகியிருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மதுரையிலிருந்து

அண்ணா, உங்களுடையது சூட்டில் நிற்கிறது. என்னுடையது சிக்னலில் நிற்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் முள் 800-க்கு வந்து நிற்காமல், 500, 400 என்று சரிந்து அணைந்துவிடும். ஏ.சி. போட்டிருந்தால் நிச்சயம் அணையும். பெரியார் பஸ் நிலையத்தைச் சுற்றி ஓட்டவே பயமாகிவிட்டது. இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியைக் கழற்றியபோது தட்டின் ஓரமெல்லாம் கரி. சுத்தம் செய்ததும் பாதி சரியானது. பாதிதான். மிச்சத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது ஸ்கேனரில் ஓடும் எண்கள். ஐடிலிங்கில், அதாவது ரேஸ் கொடுக்காமல் இன்ஜின் ஓடும்போது, கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட இருபது சதவீதத்துக்கும் மேல் பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ரேஸ் கொடுத்து 2,500-இல் பிடித்தால் அந்த எண் இயல்புக்கு இறங்கியது. காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டி எங்கோ காற்று நுழைகிறது என்று அர்த்தம். ஐடிலிங்கில் உள்ளே போகும் காற்றே கொஞ்சம்தான் என்பதால் அந்தச் சின்னக் கசிவுகூட அங்கே பெரிதாகத் தெரியும். வேக்கம் ஹோஸ் ஒன்று அடிப்பக்கம் வெடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது, விரலால் மடித்துப் பார்த்தால்தான் பிளவு தெரியும். விலை மிகக் குறைவு.

பொள்ளாச்சியிலிருந்து

எனக்கு மேட்டில்தான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில், பாதி ஏறுவதற்குள் வண்டி திணற ஆரம்பிக்கும். இழுவை குறையும், குலுங்கும், பிறகு நிற்கும். தொப்பூர் நண்பரின் வண்டி சட்டென்று அணைந்தது, என்னுடையது தவித்து அணைந்தது. இந்த வித்தியாசத்தை மெக்கானிக்கிடம் கட்டாயம் சொல்லுங்கள். எனக்கு அதுதான் வழிகாட்டியது. டேங்க் மூடியைத் திறந்து பார்த்தோம். காற்று உறிஞ்சும் சத்தம் வந்தால் டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது என்று பொருள், அது வரவில்லை. அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டியபோது 3 பார் இருக்க வேண்டிய பெட்ரோல் அழுத்தம், ரேஸ் கொடுத்தால் 2-க்கும் கீழே இறங்கியது. டேங்குக்குள் இருக்கும் மோட்டார் தேய்ந்திருந்தது. அதைக் குளிர்விப்பது சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் என்பதால், எப்போதும் ரிசர்வில் ஓட்டுகிறவர்களின் மோட்டார் சூடாகி உழைக்கிறது. நான் இப்போது கால் டேங்குக்குக் கீழே விடுவதில்லை.

தஞ்சாவூரிலிருந்து, டீசல்

ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று வடித்துப் பாருங்கள். அதுவும் சரியென்றால் டீசல் குழாயில் ஒரு சிறு துண்டை எடுத்துவிட்டு ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி ஓடவிடுங்கள். அதில் குமிழிகள் ஓடுவது தெரிந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. என் வண்டியில் ஃபில்டர் தலையிலிருந்த ஓ-ரிங் காய்ந்து போயிருந்தது.

விருதுநகரிலிருந்து

என் பிரச்சினை இதில் எதிலும் அடங்கவில்லை. காலையில் எந்தக் குறையும் இல்லை. வெயிலில் நிறுத்திவிட்டு வந்து எடுத்தால் சில நேரம் ஸ்டார்ட் ஆவதில்லை, சில நேரம் கொஞ்ச தூரம் போய் அணைகிறது. கதவுகளைத் திறந்து வைத்தால் சரியாகிவிடுகிறது. பெட்ரோல் மோட்டாரையும் மாற்றச் சொல்கிறார்கள்.

திருநெல்வேலியிலிருந்து, பட்டறை வைத்திருப்பவன்

தம்பி, மோட்டாருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் பொறுங்கள். வண்டி அடுத்த முறை அடம்பிடிக்கும்போது செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் வரை மட்டும் திருப்பிக் காதைக் கொடுங்கள். பின்சீட்டுக்கு அடியில் ஓரிரு நொடி மோட்டார் ஓடும் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் மோட்டாரின் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று டெஸ்ட் லைட் வைத்துப் பாருங்கள். கரண்ட் வந்தும் ஓடாவிட்டால்தான் மோட்டார் போய்விட்டது. கரண்டே வராவிட்டால் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும், மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் மெயின் ரிலேயைக் கழற்றித் திறந்து பாருங்கள். கதவைத் திறந்தால் சரியாகிறது என்று சொல்கிறீர்களே, வண்டிக்குள் தேங்கிய வெக்கைதான் காரணம் என்பதற்கு அதுவே நல்ல சாட்சி. ரிலேயின் உள்ளே கால்கள் சேரும் இடத்தில் ஈயப் பற்றைச் சுற்றி மெல்லிய வளையம் போல விரிசல் ஓடியிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். புது ரிலே கிடைத்தால் மாற்றிவிடுங்கள். கிடைக்காத வண்டியென்றால் பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்ற வைக்கலாம். அதைக் கழற்றும் கையோடு இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் போல்ட்டையும் சுரண்டி முறுக்கிவிடுங்கள்.