தனுஷ்கோடி ரயில் நிலையம்: புயல் மட்டும்தான் காரணமா?

தண்டவாளம்:
போன வாரம் தனுஷ்கோடி போயிருந்தேன். ரயில் நிலையத்தின் மிச்சச் சுவரைக் காட்டி, "1964ல் புயல் வந்தது, ஸ்டேஷன் போச்சு, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார் வழிகாட்டி. அந்த "அவ்வளவுதான்" எனக்கு ஒப்பவில்லை. அதே புயலில் பாம்பன் பாலமும்தான் உடைந்தது. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாளில் சரிசெய்தார். பாலத்துக்கு முடிந்தது இந்த நிலையத்துக்கு ஏன் முடியவில்லை? கைவிட்டார்கள் என்பதுதான் உண்மை.

உப்புக்காற்று:
அப்படிச் சொல்லாதீர்கள் நண்பரே, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து கிளம்பிய 653 பாசஞ்சர், நிலையத்தை நெருங்கும் நேரத்தில் கடலுக்குள் போனது. நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவரும் திரும்பவில்லை. ஊரே வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது. பாலத்தில் பெரும்பாலான தூண்கள் நின்றன. கடலில் விழுந்த கர்டர்களை, அதாவது பாலத்தின் இரும்பு உத்தரங்களை, தேடி எடுத்து மறுபடி ஏற்ற முடிந்தது. இங்கே இரு பக்கமும் கடல், நடுவில் வெறும் மணல். தண்டவாளத்தை எதன் மேல் போடுவது?

தண்டவாளம்:
மணல் 1914லும் மணல்தானே? அன்று போட்டார்களே! இன்று பலருக்கும் தெரியாத விஷயம், பாம்பன் அப்போது ஜங்ஷன். பிரதான பாதை தனுஷ்கோடிக்குத்தான் போனது, ராமேஸ்வரம் கிளைப் பாதை. எல்லாம் கப்பலுக்காக. எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் ரயிலில் தனுஷ்கோடி வந்து, கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயில் ஏறிக் கொழும்பில் இறங்கலாம். அதனால்தான் போட் மெயில் என்று பெயர். ராமேஸ்வரம் ரயிலை இன்னும் அப்படித்தானே கூப்பிடுகிறோம்? புயலுக்குப் பிறகு கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாற்றினார்கள், 1980களில் இலங்கைப் போரால் நின்றுபோகும்வரை அங்கிருந்து ஓடியது. கப்பல் இடம் மாறியதும் இந்த நிலையத்துக்கு வேலை இல்லாமல் போனது.

பாம்பன்காரன்:
அண்ணே, இரண்டு பேரும் கப்பல், பாலம் என்று பேசுகிறீர்கள். அறிவிப்புக்குப் பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்ததே 2017ல்தான். 2019ல் 17 கிலோமீட்டர் புது ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். எனக்கு அதைவிட அவசரம் அந்தச் சுவர். பவளக் கல்லில் கட்டியது. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் கை வைத்தால், கல்லின் சின்னச் சின்னத் துளைகள் விரலில் உரசும், பொடி ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். முதலில் சுற்றி ஒரு வேலி வேண்டும்.

உப்புக்காற்று:
வேலிக்கு நானும் ஒரு ஓட்டு. தண்டவாளம் நண்பரே, நீங்கள் சொன்ன கப்பல் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அத்தனை உயிர் போன இடத்தில் மறுபடி ரயில் விடாததைக் "கைவிட்டார்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தண்டவாளம்:
சரி, அந்தச் சொல் வேண்டாம். ஆனால் வழிகாட்டி கப்பலைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்க வேண்டும். கூட வந்த பிள்ளைகள், "இவ்வளவு தூரம் மணலில் எதுக்கு ஸ்டேஷன்?" என்று கேட்டார்கள். பதிலே வரவில்லை.