ஏட்டையா போய் 25 வருஷம்: எங்க அப்பாவோட வேலை பார்த்தவங்க யாராவது இங்க இருக்கீங்களா?

ஏட்டையா மகள் (பாளையங்கோட்டை) கேட்டது:

வர்ற மார்கழியோட எங்க அப்பா போய் 25 வருஷம் ஆகுது. தலைமைக் காவலர். 2000 டிசம்பர்ல, ஆலங்குளத்துக்கும் பாவூர்சத்திரத்துக்கும் நடுவுல ராத்திரி வாகன சோதனைக்கு நின்னாங்க. புளியரை வழியா கேரளாவுக்கு ரேஷன் அரிசி கடத்திட்டுப் போன லாரி ஒண்ணு நிக்காம ஏத்திட்டுப் போயிருச்சு. விடியக்காலம் மூணு மணி. கையில டார்ச் லைட். எனக்கு அப்போ எட்டு வயசு, மூணாங்கிளாஸ்.

இந்தக் கதையை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்லை. கல்யாண வீடு, சடங்கு வீடு, எங்க போனாலும் அப்பாவைப் பத்திப் பேச்சு எடுக்கிறவங்க அந்த லாரியில ஆரம்பிச்சு அந்த லாரியிலயே முடிச்சிருவாங்க. "டார்ச்சை விடவே இல்லையாம்மா"ன்னு சொல்லிக் கண்ணைத் துடைப்பாங்க. அப்பா 38 வருஷம் உயிரோட இருந்தாங்க. அந்த 38 வருஷத்தைச் சொல்றதுக்கு ஒரு ஆள் இல்லை. அம்மாகிட்ட கேட்டா அடுப்படிக்குள்ள போயிருவாங்க. போன ஆவணியில அம்மாவும் தவறிட்டாங்க.

அம்மா கட்டிலுக்கு அடியில ஒரு டிரங்குப் பெட்டி. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச பிறகுதான் திறந்தேன். ஒரு காக்கிச் சட்டை, கஞ்சி போட்டுத் தேய்ச்ச மடிப்பு கலையாம அப்படியே இருக்கு. கையில மூணு பட்டை. விசில் கயிறு. பாச்சை உருண்டை வாசனை. அப்புறம் அந்த பெல்ட். பித்தளை பக்கிள் கறுத்துப் போச்சு, நான் புளி போட்டுத் தேய்ச்சேன், பாதி வந்துச்சு. பெல்ட்டுல கம்பெனிக்காரன் போட்ட ஓட்டை எல்லாம் ஒரே அளவுல, ஓரத்துல வளையம் வச்சு இருக்கு. உள்பக்கமா தள்ளி ஒரு ஓட்டை மட்டும் கோணலா, பிசிறு பிசிறா, ஆணியால குத்தின மாதிரி இருக்கு. அந்த ஓட்டையைச் சுத்தித்தான் தோல் நல்லா தேய்ஞ்சிருக்கு. அப்பா ஏன் அப்படி ஒரு ஓட்டை போட்டாங்கன்னு எனக்குத் தெரியலை. இதைக் கேட்க ஆள் இல்லையேங்கிறதுதான் அன்னைக்கு ராத்திரி முழுக்க என்னைத் தூங்க விடலை.

என் மகனும் இப்ப மூணாங்கிளாஸ்தான். பெல்ட்டைத் தன் இடுப்புல ரெண்டு சுத்து சுத்திக்கிட்டு, "தாத்தா குண்டா ஒல்லியா?"ன்னு கேட்டான். என்னால பதில் சொல்ல முடியலை. போட்டோவுல மார்பு வரைக்கும்தான் இருக்கு.

இன்னொண்ணையும் மறைக்காமச் சொல்லிடறேன். 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல போலீஸ் அடிச்சு ரெண்டு பேர் செத்தப்போ என் வாட்ஸப்ல இருந்த அப்பா போட்டோவை எடுத்துட்டேன். அந்த அப்பா, மகன் ரெண்டு பேரையும் நினைச்சு நானும்தான் சாப்பிடாம இருந்தேன். ஆனா யாரோ என்கிட்ட "உங்க அப்பாவும் போலீஸ்தானே"ன்னு கேட்டுருவாங்களோன்னு பயம். அதுக்கப்புறம் அந்தப் போட்டோவைத் திரும்ப வைக்கவே இல்லை. அது இன்னைக்கும் நெஞ்சுல உறுத்துது.

25ஆவது வருஷத்துக்கு பிளெக்ஸ் வைக்கலாம், அன்னதானம் போடலாம்னு சித்தப்பா சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பலை. வேற என்ன செய்யலாம்? முன்னாடியெல்லாம் அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாளுக்கு எங்களுக்கு அழைப்பு வரும். வீடு மாறினதுக்கப்புறம் வர்றதில்லை. அப்பா இறந்தப்போ அந்த ஸ்டேஷன் நெல்லை மாவட்டம், 2019 நவம்பர்ல இருந்து தென்காசி மாவட்டம். நாங்க இருக்கிறது பாளையங்கோட்டை. யார்கிட்ட போய்க் கேட்கிறது?

பேரை இங்க போடலை. தெரிஞ்சவங்களுக்குப் புரியும்.

பழைய ஸ்டேஷன் ரைட்டர் (ஓய்வு, சிறப்பு உதவி ஆய்வாளர்) எழுதியது:

தாயி, உன் அப்பன் பேரை நீ எழுத வேண்டாம். ஆலங்குளம், 2000, மார்கழின்னு படிச்ச உடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நானும் அவனும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவங்க. பாளையங்கோட்டை ஆயுதப்படையில ஒரே பாரக்ல பக்கத்துப் பக்கத்துக் கட்டில். என்னை "மக்கா"ன்னுதான் கூப்பிடுவான்.

முதல்ல அந்த ஓட்டை. 2000 சித்திரை, வைகாசி வாக்குல அவனுக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலக்கிக் குடிச்சுக்கிட்டு பத்தியமா கிடந்தான். ரெண்டு மாசத்துல ஆள் பாதியாயிட்டான். மருத்துவ விடுப்பு முடிஞ்சு வந்த அன்னைக்கு அதிகாரி ஆய்வுக்கு வர்றாரு. பெல்ட் தொளதொளன்னு கீழ இறங்குது. நான்தான் கேஸ் கட்டு தைக்கிற ஊசியைக் கொடுத்தேன். அது போகலை. கடைசியில சுவத்துல காலண்டர் மாட்டியிருந்த ஆணியைப் பிடுங்கி, என் மேசை மேல பெல்ட்டை வச்சு, பேப்பர் வெயிட்டால தட்டி அவனே ஓட்டை போட்டான். என் மேசையில ஒரு குழி விழுந்துச்சு. நான் ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் அந்தக் குழி இருந்துச்சு தாயி. ஸ்டேஷன் டைரி எழுதுறப்போ பேனா முனை அதுல போய் இடறும்.

உன் மகன்கிட்ட சொல்லு: தாத்தா குண்டாத்தான் இருந்தாரு, கடைசி ஆறு ஏழு மாசம்தான் ஒல்லி. நல்ல உயரம். சைக்கிள்ல போறப்போ முட்டி ரெண்டும் வெளியே விரிஞ்சுக்கிட்டுப் போகும்.

இனி நீ கேட்ட நாள் விஷயம். 1959 அக்டோபர் 21ல லடாக்ல ஹாட் ஸ்பிரிங்ஸ்ங்கிற இடத்துல, முந்தின நாள் போய்த் திரும்பாத ஆட்களைத் தேடிப் போனவங்க மேல சீனப் படை சுட்டதுல 10 போலீஸ்காரங்க இறந்தாங்க. அதுக்காகத்தான் இந்த நாள். ஒவ்வொரு வருஷமும், முந்தின செப்டம்பர் 1ல இருந்து இந்த ஆகஸ்ட் 31 வரைக்கும் இந்தியா முழுக்கப் பணியில இறந்தவங்க பேரை வாசிப்பாங்க. துப்பாக்கி முனையைத் தரையைப் பார்த்துத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டு, தலையைக் குனிஞ்சு நிக்கணும். உங்க அப்பன் பேரு 2001 அக்டோபர் 21ல வாசிக்கப்பட்டது. ஆயுதப்படை மைதானத்துல மூணாவது வரிசையில நான் நின்னேன். எங்கெங்கயோ உள்ள பேரா வந்துக்கிட்டே இருக்கு, எப்ப வரும் எப்ப வரும்னு எனக்குக் கை வேர்த்துச்சு. அந்தப் பேரு வந்தப்போ என் பக்கத்துல நின்னவன் துப்பாக்கி லேசா ஆடுச்சு. முன்னாடி பந்தல்ல உங்க அம்மா உன்னை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. குண்டு முழங்கினப்போ நீ காதைப் பொத்திக்கிட்ட.

அழைப்புக்கு: அப்பாவோட காவலர் எண், இறந்த தேதி, உன் இப்போதைய முகவரி மூணையும் எழுதி மாவட்டக் காவல் அலுவலகத்துல ஒரு மனு கொடு. நெல்லையிலயும் கொடு, தென்காசியிலயும் கொடு. ஃபைல் எங்க கிடந்தாலும் ஒரு இடத்துலயாவது மாட்டும். மனு கொடுத்த ரசீதை வாங்கி வச்சுக்க. நான் கூட வர்றேன்.

போட்டோவை எடுத்ததுக்காக உறுத்த வேண்டாம். சாத்தான்குளம் அன்னைக்கு, 35 வருஷம் அந்தச் சட்டையைப் போட்ட நானே வீட்டை விட்டு வெளியே வரலை. உன் அப்பன் இருந்திருந்தா அந்த வீட்டுக்காரங்க முகத்தை எப்படிப் பார்க்கிறதுன்னுதான் தவிச்சிருப்பான். லாக்கப்ல இருக்கிறவனுக்குத் தன் கைக்காசுல இட்லி வாங்கிக் கொடுத்துட்டு, அது கணக்குல வராதுன்னு நான் கத்துறப்போ, "பசிக்குல்லா மக்கா"ம்பான். அதனால அந்த ரெண்டு பேருக்காக நீ பட்டினி கிடந்தது உன் அப்பனுக்குப் பிடிச்ச காரியம்தான். போட்டோவைத் திரும்ப வை.

டெல்லியில் ஒரு நெல்லைக்காரன் எழுதியது:

சகோதரி, நான் துணை ராணுவத்துல இருக்கேன், சொந்த ஊர் களக்காடு. டெல்லி சாணக்கியபுரியில தேசிய காவலர் நினைவகம் இருக்கு. 2018 அக்டோபர் 21ல திறந்தது. நடுவுல 30 அடி உயரத்துக்கு ஒரே கருங்கல், 238 டன். சுத்தியுள்ள சுவர்ல 1947ல இருந்து பணியில இறந்தவங்க பேரைச் செதுக்கியிருக்காங்க. திறக்கிறப்போவே 34,000 பேருக்கு மேல. அப்பா பேரைத் தனிச் செய்தியில அனுப்புங்க. அடுத்த ஓய்வு நாள்ல போய்த் தேடிப் பார்த்து போட்டோ அனுப்புறேன். ஊர்க்காரங்க பேரு எங்கயாவது இருக்கான்னு நான் ஏற்கெனவே ஒரு பகல் முழுக்க அந்தச் சுவர்கிட்ட நின்னவன்தான், எனக்கு இது சிரமம் இல்லை.

குடம் அடிக்கிறவன் எழுதியது:

தங்கச்சி, நான் வில்லுப்பாட்டுக் குழுவுல குடம் அடிக்கிறேன். மாசி, பங்குனி, சித்திரைன்னா வீட்டுல இருக்க மாட்டேன், ஊர் ஊரா கோயில் கொடைதான்.

நம்ம பக்கத்துல அநியாயமாச் செத்தவனை நாம விட்டுர்றது இல்லை. வெட்டுப்பட்டவன், தண்ணியில போனவன், அடுத்தவனுக்காக உயிரைக் கொடுத்தவன், எத்தனை பேருக்குப் பீடம் போட்டுக் கும்பிடுறோம்! ஆனா ஒண்ணு பாருங்க. வில்லுல எந்தக் கதையை எடுத்தாலும் சாவுல ஆரம்பிக்க மாட்டாங்க. அவன் ஆத்தா பிள்ளை இல்லாம தவம் இருந்தது, கருத்தரிச்சது, பிறந்தது, தொட்டில் கட்டினது, பள்ளியில வச்சதுன்னு போகும். கொலை வர்றதுக்கு நடுராத்திரி தாண்டிரும். இருவது வருஷமா நான் பார்க்கிறேன், பொம்பளைங்க கொலைக்கட்டத்துல அழுறதை விடத் தொட்டில்கட்டத்துலதான் அதிகமா அழுவாங்க. அதுக்குள்ள அவன் அவங்க வீட்டுப் பிள்ளையாயிடுறான்.

உங்க சொந்தக்காரங்க கொலைக்கட்டத்தை மட்டும் பாடிக்கிட்டு இருக்காங்க. நீங்க முன்னாடி உள்ளதைச் சேருங்க. பிளெக்ஸ் மூணு மாசத்துல வெளுத்துரும். அந்த ரைட்டர் ஐயா மாதிரி நாலு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு, ஒரு ராத்திரி பூரா பேசச் சொல்லி போன்ல பதிஞ்சு வைங்க. படைக்கிறப்போ அப்பாவுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டு அதை வைங்க. எல்லாருக்கும் ஒரே சர்க்கரைப் பொங்கலை வைக்காதீங்க.

சந்தைப் பக்கம் டீக்கடை எழுதியது:

எக்கா, நான் பாவூர்சத்திரம். காய்கறிச் சந்தைக்கு ராத்திரியே லோடு வரும்லா, அதனால எங்க கடை ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் தொறந்துருவோம். எங்க அப்பா காலத்துல இருந்தே அப்படித்தான். நான் அப்ப சின்னப் பையன், கிளாஸ் கழுவிக்கிட்டு நிப்பேன்.

ஏட்டையா ரோந்து வந்தாவன்னா பால் காப்பி குடிக்க மாட்டாவ. கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பிதான், காமாலை வந்த பெறவு அதுவும் பாதிக் கிளாஸ்தான். காசு வேண்டாம்னு எங்க அப்பா சொல்லுவாவ. சரின்னு சொல்லிட்டுப் போகும்போது முறுக்கு டப்பா மூடிக்கு அடியில வச்சிட்டுப் போயிருவாவ. நான்தான் எடுத்துக் கல்லாவுல போடுவேன்.

போலீஸ் ரோந்துக்கான பட்டா நோட்டு ஒண்ணு எங்க கடையில தொங்கும். ராத்திரி வந்து கையெழுத்துப் போட்டு நேரம் எழுதிட்டுப் போவாவ. அன்னைக்கு ராத்திரியும் வந்தாவ எக்கா. மணி ரெண்டேகால். பனின்னா பனி, மப்ளரை எடுத்து என் கழுத்துல சுத்திவிட்டு, "நாளைக்கு வாங்கிக்கிடுதேன்ல"ன்னு சொன்னாவ. மறுநாள் விடியமுன்ன சேதி வந்துட்டு. எங்க அப்பா கடையை அடைச்சிட்டு அந்த நோட்டை ஆணியில இருந்து எடுத்து உள்ள வச்சிட்டாவ. புது நோட்டு வந்துச்சு, பழசை யாரும் கேட்கலை. எங்க அப்பாவும் கொடுக்கலை.

இப்ப எங்க அப்பாவும் இல்லை. நோட்டு எங்ககிட்டதான் இருக்கு, சாமி படத்துக்குப் பின்னால. இப்ப எடுத்துப் பார்த்துட்டுத்தான் எழுதுதேன். நீல மை, கொஞ்சம் தண்ணி பட்டு ஊறியிருக்கு. பேரோட கடைசி எழுத்தைச் சுழிச்சு கீழ ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு அடியில ரெண்டு புள்ளி வச்சிருக்காவ. முந்தின பக்கத்துலயும் எல்லா நாளும் அதே ரெண்டு புள்ளி. மப்ளர் சாம்பல் கலரு. எங்க அம்மை துவைச்சு வச்சிருக்கா. ரெண்டும் உங்களுக்குச் சேர வேண்டியது.

ஏட்டையா மகள் எழுதியது:

காலையில இருந்து நாலு தடவை எழுத உட்கார்ந்து எந்திரிச்சுட்டேன்.

ரைட்டர் மாமா, உங்களை அப்படிக் கூப்பிடலாம்ல? மஞ்சள் காமாலை எனக்கு ஞாபகமே இல்லை. ஆனா வீட்டுல ரொம்ப நாள் உப்பில்லாத சோறு ஆக்கினது ஞாபகம் இருக்கு. தட்டைத் தள்ளிவிட்டு அம்மாகிட்ட அடி வாங்கினேன். அது எதுக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது. சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க. மனுவை நீங்க சொல்லச் சொல்ல எழுதிக்கிறேன்.

அந்த ரெண்டு புள்ளி. என் மூணாங்கிளாஸ் ரேங்க் கார்டுல அப்பா போட்ட கையெழுத்துலயும் அது இருக்கு. மை சிந்திருச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

தம்பி, நோட்டை எடுத்த இடத்துலயே வை. மப்ளரும் உங்க அம்மாகிட்டயே இருக்கட்டும். மார்கழி பிறக்கட்டும், மகனைக் கூட்டிக்கிட்டு நானே வர்றேன். ராத்திரி ரெண்டேகாலுக்கு வரணும்னு நினைக்கிறேன். அந்த நேரத்துக்கு சுக்குக் காப்பி கிடைக்குமா?

சந்தைப் பக்கம் டீக்கடை எழுதியது:

கிடைக்கும் எக்கா. கருப்பட்டி உடன்குடியில இருந்து வாங்கி வைக்கேன். பிள்ளைக்கு ஸ்வெட்டர் போட்டுக் கூட்டிட்டு வாங்க, அந்த நேரம் நல்லா பனி பெய்யும்.