ஒரு பறவையைக் காப்பாற்ற ஒரு தீவு முழுக்க எலிமருந்து போடலாமா?

நீலக்கரை கேட்டது:

வணக்கம். கோஃப் தீவில் எடுத்த ஒரு வீடியோவைப் பார்த்ததில் இருந்து மனசு சரியில்லை. தெற்கு அட்லாண்டிக்கில் ஒதுங்கிக் கிடக்கும் தீவு அது. டிரிஸ்டன் ஆல்பட்ராஸ் பறவையின் குஞ்சு ஒன்று ராத்திரியில் கூட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. கோழியை விடப் பல மடங்கு பெரிய குஞ்சு. அதன் முதுகில் சுண்டெலிகள் ஏறி உயிரோடு கொறிக்கின்றன. குஞ்சு எழுந்து ஓடவும் இல்லை, கொத்தவும் இல்லை, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது, அவ்வளவுதான். என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை.

2021-ல் ஹெலிகாப்டரில் பறந்து தீவு முழுக்க விஷ இரையைத் தூவியிருக்கிறார்கள். அப்படியும் அதே வருடம் டிசம்பரில் ஒரு சுண்டெலி கேமராவில் சிக்கிவிட்டதாம். அப்படியென்றால் அத்தனை உழைப்பும் வீண்தானே? இந்த மாதிரி வேலை எங்கேயாவது உண்மையிலேயே பலித்திருக்கிறதா? அப்புறம், பறவைக்காக லட்சக்கணக்கான எலிகளை விஷம் வைத்துக் கொல்வது சரிதானா என்றும் உறுத்துகிறது. கடற்பறவைக்கு முதல் எதிரி பிளாஸ்டிக் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்வளை எழுதியது:

நானும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தேன், அதனால் உங்கள் நிலைமை புரிகிறது. எலிகளை ஒழித்த ஒரு சின்னத் தீவில் இரண்டு இனப்பெருக்கப் பருவம் தன்னார்வலராக இருந்தேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், அந்தக் குஞ்சு ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறது? அந்தத் தீவுகளில் தரையில் ஓடி வந்து கடிக்கும் பாலூட்டி எதுவும் இருந்ததே இல்லை. ஆகாயத்தில் இருந்து ஸ்குவா என்ற கொள்ளைக்காரக் கடற்பறவை வந்தால் என்ன செய்வது என்று அந்த இனத்துக்குத் தெரியும். இருட்டில் காலடியில் இருந்து ஆபத்து வரும் என்பது அதன் ரத்தத்திலேயே இல்லை. தாயும் தகப்பனும் இரை தேடி நடுக்கடலுக்குப் போய்விடும், குஞ்சு மாதக்கணக்கில் தனியாகவே குளிர்காலத்தைக் கழிக்கும். சீல் வேட்டைக்கு வந்த கப்பல்களில் இருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இறங்கிய சுண்டெலிகள், குளிர்காலத்தில் வேறு தீனி இல்லாததால் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டன. இப்போது கோஃப் தீவில் மட்டும் வருடத்துக்குச் சுமார் 20 லட்சம் முட்டைகளும் குஞ்சுகளும் இப்படிப் போகின்றன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

பலித்திருக்கிறதா என்று கேட்டீர்கள். இங்கிலாந்தின் லண்டி தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-ல் அங்கே மேங்ஸ் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவை 297 ஜோடிதான் இருந்தது. 2002-ல் தொடங்கி 2004-க்குள் எலிகளை ஒழித்தார்கள். 2023 கணக்கெடுப்பில் பன்னிரண்டாயிரம் ஜோடிக்கு மேல்.

அந்தக் கணக்கை எப்படி எடுக்கிறார்கள் என்று சொன்னால்தான் அந்த எண்ணின் அருமை தெரியும். ஷியர்வாட்டர் மண்ணுக்குள் வளையில் அடைகாக்கும், வெளியே இருந்து பார்த்தால் புல்மேடு மட்டும்தான். நாங்கள் மண்டியிட்டு ஒவ்வொரு வளை வாயிலும் பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு, காதைத் தரையோடு ஒட்டிக் காத்திருப்போம். உள்ளே பறவை இருந்தால் மண்ணுக்கு அடியில் இருந்து கரகரவென்று ஒரு சத்தம் வரும், தூக்கத்தில் எழுப்பப்பட்ட ஆள் திட்டுகிற மாதிரி. எல்லாப் பறவையும் பதில் சொல்லாது, அதனால் எத்தனைக்கு ஒன்று பதில் சொல்கிறது என்று தனியே பார்த்து, அந்த விகிதத்தை வைத்து மொத்தத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு மேட்டில் முந்தைய பருவம் முழுக்க ஒரு பதிலும் இல்லை. அடுத்த பருவம் அதே மேட்டில் ஒரு வளை பேசியது. என்னோடு இருந்த பெண் அப்படியே புல்லில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அவற்றின் உடம்பில் ஒரு எண்ணெய் வாசம் உண்டு, என் ஸ்வெட்டரில் இருந்து அது போகவே பல வாரம் ஆனது.

பெரிய தீவு என்றால் தெற்கு அட்லாண்டிக்கில் உள்ள சவுத் ஜார்ஜியா. 2011 முதல் 2015 வரை மூன்று கட்டமாக இரை போட்டு, மோப்ப நாய்களை விட்டுத் தேடிப் பார்த்து, 2018-ல் எலி இல்லாத தீவு என்று அறிவித்தார்கள். அங்கே அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பனியாறுகள் கடல் வரைக்கும் இறங்கித் தீவைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருந்தன, எலியால் பனியாற்றைத் தாண்ட முடியாது, அதனால் ஒவ்வொரு துண்டாகச் சுத்தம் செய்ய முடிந்தது. பனியாறுகள் உருகிப் பின்வாங்கிக்கொண்டே இருந்தன. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் துண்டுகள் எல்லாம் சேர்ந்து, வேலையே கைமீறிப் போயிருக்கும்.

இலைநுனி எழுதியது:

மண்வளை சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நீலக்கரையின் உறுத்தலை இவ்வளவு சீக்கிரம் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன். இந்த வேலைகளில் பெரும்பாலும் போடுவது புரோடிஃபேகூம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, எலி சாவதற்குச் சில நாட்கள் ஆகும், வலியில்லாத சாவு அல்ல. அந்த எலியையோ இரையையோ தின்னும் பறவையும் சாகும். ஆஸ்திரேலியாவின் மக்குவாரி தீவில் எலி, சுண்டெலி, முயல் மூன்றையும் ஒழித்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் விஷத்தில் செத்தன. ராட்சத பெட்ரல்கள், ஸ்குவாக்கள், கடற்காகங்கள். காப்பாற்றப் போன இடத்திலேயே இத்தனை சாவு. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மண்வளை எழுதியது:

இலைநுனி, நீங்கள் சொல்வது அத்தனையும் உண்மை, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மக்குவாரியில் 2010-ல் மோசமான வானிலையால் வேலை பாதியில் நின்றது, அந்த முதல் சுற்றிலேயே நிறையப் பறவைகள் செத்தன. அதைப் பார்த்துவிட்டு 2011-ல் முறையை மாற்றினார்கள். முயல்களைத் தாக்கும் வைரஸை முன்கூட்டியே பரப்பி, விஷம் தின்று சாகும் முயல்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், ஆட்கள் நடந்து திரிந்து செத்த உடல்களை அப்புறப்படுத்தினார்கள். 2014-ல் அந்தத் தீவு சுத்தம் என்று அறிவித்தார்கள். கோஃப் தீவில் வேறெங்கும் இல்லாத இரண்டு தரைப்பறவைகள் உண்டு, அவற்றில் ஒரு பகுதியைப் பிடித்துக் கூண்டில் வைத்துத் தீனி போட்டுப் பாதுகாத்து, விஷம் அடங்கிய பிறகு திறந்துவிட்டார்கள்.

எலியின் வலி எனக்கும் வலிதான். வேறு வழி இருந்தால் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வேன், பெரிய கரடுமுரடான தீவுக்கு இன்று வேறு வழி இல்லை. எலிகளைக் கொண்டு போய் விட்டது நாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஒவ்வொரு ராத்திரியும் அந்த வீடியோ ஓடிக்கொண்டுதான் இருக்கும், சாவு நிற்காது, யார் சாகிறார்கள் என்பதுதான் மாறும்.

ஆயிரங்கால் எழுதியது:

தீவு சரியானால் பறவை பிழைத்துவிடும் என்ற எண்ணம் மட்டும் யாருக்கும் வந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன். மீன்பிடிக் கப்பலில், பிடிபடுவதைக் கவனித்துப் பதிவு செய்யும் பார்வையாளராகச் சில காலம் இருந்தேன். ஆயிரங்கால் தூண்டில் என்று பெயர்தான் ஆயிரம், ஒரே கயிற்றில் பல ஆயிரம் முள் இருக்கும், கயிறு பல கிலோமீட்டர் நீளும். கப்பலின் பின்பக்கம் இருந்து முள் இறங்கும்போது, இரை தண்ணீருக்குள் அமிழ்வதற்கு முன் மேலாக மிதக்கிற சில நிமிடம்தான் ஆபத்து. ஆல்பட்ராஸ் அதைக் கொத்தும், முள் மாட்டும், கயிறு கீழே இழுக்கும், மூழ்கிவிடும். மறுநாள் கயிறு ஏறும்போதுதான் நமக்குத் தெரியும். ஒருமுறை வந்த பறவையின் காலில் உலோக வளையம் இருந்தது. இறக்கையை விரித்தால் தளத்தின் ஒரு ஓரத்தில் இருந்து பாதி தூரம் வருகிறது, கையில் எடுத்தால் ஊறின துணி மூட்டை மாதிரி கனம். வளைய எண்ணைத் துடைத்துப் படித்து எழுதி அனுப்பினேன். பல மாதம் கழித்துப் பதில் வந்தது, 23 வருடத்துக்கு முன்னால் குஞ்சாக இருந்தபோது போட்ட வளையமாம்.

இந்த வயதுதான் முக்கியம். அலையும் ஆல்பட்ராஸ் பத்து வயதுக்குப் பக்கத்தில்தான் முதல் முட்டை இடும், அதுவும் இரண்டு வருடத்துக்கு ஒன்று. ஒரு வருடம் குஞ்சு போனால் அந்த ஜோடி மறுபடி முயலும். வளர்ந்த பறவை போனால் அந்தப் பருவத்துக் குஞ்சும் பட்டினியில் போகும், துணையும் புது ஜோடி சேர வருடங்கள் ஆகும். சவுத் ஜார்ஜியாவைச் சுற்றி டூத்ஃபிஷ் மீன்பிடிப்பைக் குளிர்காலத்தில், ராத்திரியில் மட்டும் என்று கட்டுப்படுத்தி, அங்கே பறவைச் சாவைக் கிட்டத்தட்ட பூஜ்யம் ஆக்கிவிட்டார்கள். அப்படியும் அங்கே கூடு கட்டும் அலையும் ஆல்பட்ராஸ் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. காரணம், அது இரை தேடப் போவது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, வேறு கப்பல்கள் நிற்கிற திறந்த கடலுக்கு.

இதற்கு மருந்து இருக்கிறது, அதுவும் எளிய மருந்து. ராத்திரியில் தூண்டில் இறக்குவது, கயிற்றில் எடை கட்டி முள்ளைச் சீக்கிரம் அமிழ்த்துவது, பின்பக்கக் கம்பத்தில் இருந்து வண்ண நாடாக்கள் தொங்கும் கயிறு ஒன்றைக் காற்றில் படபடக்க விடுவது. நாடாக் கயிற்றைக் கண்டுபிடித்தது ஜப்பானிய மீனவர்கள்தான், இரை வீணாகப் போகக் கூடாது என்று. நமீபியாவில் 2015-ல் இதைக் கட்டாயமாக்கினார்கள், அடிக்கடலில் தூண்டில் போடும் கப்பல்களில் பறவைச் சாவு 98 சதவீதம் குறைந்தது. அந்தக் கயிறுகளை அங்கே வால்விஸ் பே நகரில் ஒரு பெண்கள் குழு கட்டித் தருகிறது. இவ்வளவு மலிவான ஒரு கயிறு இவ்வளவு உயிரைக் காக்கும் என்றால், எல்லாக் கப்பலிலும் அது ஏன் தொங்கவில்லை என்று எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

இன்னொன்று. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 169 ஆல்பட்ராஸ்களின் முதுகில், கப்பல் ரேடாரை உணரும் சின்னக் கருவியை ஒட்டி விட்டார்கள், முடிவு 2020-ல் வந்தது. பறவைகள் சந்தித்த கப்பல்களில் நூற்றுக்கு 28, தாம் இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவி ஓடாமல் இருந்தன. ஆளே போக முடியாத கடலில் பறவையே காவல் பார்த்திருக்கிறது.

கல்லுப்பூ எழுதியது:

பிளாஸ்டிக் பற்றி யாரும் தொடவில்லையே. பல கடற்பறவைகளின் வயிற்றில் இப்போது பிளாஸ்டிக் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோ தீவு ஷியர்வாட்டர்களில் பிளாஸ்டிக்கால் இரைப்பையில் தழும்பு விழுவதை 2023-ல் விவரித்து, அதற்குத் தனி நோய்ப்பெயரே வைத்தார்கள். ஆனாலும் 2019-ல் உலகம் முழுவதும் உள்ள கடற்பறவைகளை வைத்துச் செய்த மதிப்பீட்டில் முதல் மூன்று இடத்தில் வந்தவை, தீவுகளில் நாம் கொண்டுபோய் விட்ட விலங்குகள், மீன்பிடிப்பில் சிக்குவது, பருவநிலை மாற்றம். மூன்றாவதுதான் எனக்குப் பயம். 2014-லிருந்து 2016 வரை வடகிழக்கு பசிபிக் சூடானபோது அலாஸ்காவின் மர் என்ற கடற்பறவைகளில் பாதி, கிட்டத்தட்ட 40 லட்சம், பட்டினியில் போய்விட்டன. எலியும் இல்லை, தூண்டிலும் இல்லை, தின்ன மீன் இல்லை. அதற்கு நாடாக் கயிறு கட்டி என்ன செய்வது?

ஆயிரங்கால் எழுதியது:

கல்லுப்பூ, கடல் சூட்டை நானோ நீங்களோ இந்த வருடம் குறைக்க முடியாது. ஆனால் பத்து லட்சமாக இருக்கிற கூட்டம் ஒரு கெட்ட வருடத்தைத் தாங்கும், பத்தாக இருக்கிற கூட்டம் தாங்காது. ஜப்பானின் தோரிஷிமா தீவில் குட்டைவால் ஆல்பட்ராஸ் அழிந்தே போய்விட்டது என்று 1949-ல் முடிவு கட்டினார்கள், 1951-ல் பத்துப் பறவை போலக் கண்டுபிடித்தார்கள். அது எரிமலைத் தீவு வேறு, ஒரு வெடிப்பில் எல்லாமே போயிருக்கலாம். அதனால்தான் 2008 முதல் 2012 வரை குஞ்சுகளை முகோஜிமா தீவுக்குத் தூக்கிக்கொண்டு போய், கையால் தீனி கொடுத்து வளர்த்துப் பறக்கவிட்டார்கள். எண்ணிக்கையைக் கூட்டி வைப்பதும் இரண்டு மூன்று இடத்தில் பரப்பி வைப்பதும் நம் கையில் இருக்கிற வேலை.

நீலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு தடவை படித்தேன். எலி விஷயத்தில் உறுத்தல் முழுசாகப் போகவில்லை, ஆனால் இனி இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான மேரியன் தீவிலும் சுண்டெலிகளை ஒழிக்க ஏற்பாடு நடக்கிறது என்று படித்தேன், கோஃப் தீவை விடப் பல மடங்கு பெரியதாமே. ஒரே ஒரு சந்தேகம், மண்வளை: இத்தனை பெரிய தீவில் கடைசி எலியும் போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

மண்வளை எழுதியது:

உடனே தெரியாது. குறைந்தது இரண்டு இனப்பெருக்கப் பருவம் பொறுத்துத்தான் அறிவிப்பார்கள். கர்ப்பமான ஒரு எலி எங்கோ பாறை இடுக்கில் தப்பியிருந்தால், அதற்குள் குட்டிகள் பெருகிக் கண்ணில் பட்டுவிடும். கோஃப் தீவில் அப்படித்தான் பட்டது. ஆனாலும் அந்த ஒரு பருவத்தில் எலித்தொல்லை குறைந்ததால் குஞ்சுகள் நிறையப் பிழைத்தன, அதனால் அது முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் தீவில் சாக்லேட் வாசம் போட்ட மெழுகுக் கட்டிகள்தான் காவல். கரையோரமாக வரிசையாகப் பெட்டிகளில் வைத்திருப்போம், எலிக்கு அந்த வாசத்தைத் தாங்க முடியாது, வந்து ஒரு கடி கடித்துவிடும், மெழுகில் முன்பல் இரண்டின் தடம் அப்படியே பதியும். படகில் ஏறும் முன் எல்லாருடைய பையையும் மூடிய அறையில் கொட்டிக் கவிழ்த்து, சட்டைப்பை வரைக்கும் பார்ப்பார்கள். தீவில் இறங்கியதும் காலையில் எனக்கு முதல் வேலை, பெட்டி பெட்டியாகத் திறந்து கட்டியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்ப்பது. நத்தை ஊர்ந்த கோடு இருக்கும், வண்டு சுரண்டியது இருக்கும். பல் தடம் இல்லையா, தேதியோடு "இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவேன்.