அம்பாசடர் மார்க் 2: ஆல்டர்னேட்டர் மாற்றியும் சார்ஜ் சரியில்லை

கேள்வி: பேட்டரியைச் சார்ஜ் பண்ற பழைய டைனமோவை எடுத்துட்டு 35 ஆம்ப் ஆல்டர்னேட்டர் போட்டிருக்கு. ஸ்டார்ட் ஆனதும் சார்ஜ் லைட் அணையல, ரேஸ் கொடுத்தாதான் அணையுது. ஹெட்லைட் போட்டா பேட்டரியில 12.9 வோல்ட்தான். எங்கே பார்க்கணும்?

பதில் 1: டேஷ்ல சார்ஜ் லைட்டுக்கு எல்இடி பல்பா? அப்போ அது வழியா ஆல்டர்னேட்டர் ஃபீல்டுக்கு (உள்ளே இருக்கிற காந்தச் சுருளுக்கு) போற கரண்ட் பத்தாது. 2.2 வாட் சாதா பல்பு போடுங்க.

பதில் 2: வோல்டேஜ் வேற கதை. ஹெட்லைட் எரியும்போது மீட்டரை ஆல்டர்னேட்டர் பி-பிளஸ்ஸுக்கும் (சார்ஜ் வெளியே வர்ற முனை) பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவுல வைங்க. 0.5 வோல்ட்டுக்கு மேல காட்டினா பழைய டைனமோ வயரும் கட்-அவுட் பாக்ஸும்தான் (டைனமோவோட ரெகுலேட்டர் பெட்டி) வோல்ட்டைத் தின்னுது. பாக்ஸை விலக்கி, 8 சதுர மி.மீ. வயரை நேரா ஸ்டார்ட்டர் சோலனாய்டுல (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கான சுவிட்ச்) பேட்டரி வயர் வர்ற போல்ட்டுக்கு இழுங்க. முதல்ல பேட்டரி மைனஸைக் கழற்றணும்; பி-பிளஸ்ல எப்பவும் கரண்ட் இருக்கும்.

பதில் 3: எர்த் ஸ்ட்ராப்பையும் (இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற எர்த் வயர்) பாருங்க. பெயின்ட் மேல முடுக்கி வெச்சிருப்பாங்க!